குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதுவதும் வெளியிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சிறுவர் நூல்களைச் செம்மையாக்கும் வேலை செய்கிறேன். பொங்கலையொட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது, சிறுவர் நூல் அரங்கு ஒன்றில் நின்று வாசகர்களோடு பேசுவதும் உண்டு. அங்கே வரும் பாட்டிகள், ஆசிரியர்கள், ஓவியர்கள், இளம் பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

குழந்தைப் புத்தகம்னா எந்த வயசுக்குன்னு எப்படி முடிவு பண்றது?

வயதை விட, புத்தகத்தை யார் வாசிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர் ஒருவர் மடியில் வைத்துப் படித்துக் காட்டுவார். ஆறு வயதுக் குழந்தை எழுத்துக் கூட்டித் தானே படிக்கப் பார்க்கும். பத்து வயதுக் குழந்தை யாரும் தொந்தரவு செய்யாத இடம் தேடிப் போய் உட்கார்ந்துவிடும். முதல் வகைப் புத்தகத்தில் கடினமான சொல்கூட வரலாம், ஏனென்றால் படித்துக் காட்டுபவர் விளக்கிவிடுவார். இரண்டாவதில்தான் ஒவ்வொரு சொல்லையும் எடை போட வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலும் நான்கு வாசிப்பு நிலைகள் உண்டு. இரண்டிலும் ஒவ்வொரு நிலைக்கும் பத்துக் கதைகளாவது படித்துவிட்டு, உங்கள் கதை எங்கே உட்காரும் என்று பாருங்கள். "3 முதல் 12 வயது வரை" என்று அட்டையில் போடும் புத்தகம் யாரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதில்லை என்பது என் எண்ணம்.

பேரனுக்குச் சொன்ன கதை நிறைய இருக்கு. அப்படியே எழுதிப் புத்தகமா போடலாமா?

தாராளமாக அங்கிருந்து தொடங்கலாம். ஆனால், கதை சொல்லும்போது உங்கள் குரலும் கையும் கண்ணும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. பேரன் முகம் சுருங்கினால் கதையை அந்த இடத்திலேயே வளைத்துவிடுகிறீர்கள். தாளில் இவை எதுவும் இருக்காது. ஆகவே, சொன்னபடியே முதலில் எழுதிவிட்டு, உங்களை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் தன் வீட்டுக் குழந்தைக்கு வாசிப்பதைப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். அவர் எங்கே திணறுகிறார், குழந்தை எங்கே ஜன்னலைப் பார்க்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால், எதைத் திருத்த வேண்டும் என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிராது.

பேச்சுத் தமிழ்ல எழுதலாமா, இல்ல எழுத்துத் தமிழ்தானா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. நான் சொல்வது இது: கதையை நடத்திச் செல்லும் வாக்கியங்கள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும்; கதைமாந்தர் வாய் திறக்கும்போது பேச்சுத் தமிழ் வரட்டும். மதிய உணவு வேளையில் ஒரு சிறுமி தன் தோழியிடம் "எனக்கும் கொஞ்சம் கொடுப்பாயாக" என்று சொன்னால், எந்தக் குழந்தையும் அவளை நம்பாது.

முழுக்கதையையும் பேச்சு நடையில் எழுதுவதில், தொடக்க வாசகருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பேச்சுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. ஒரே செயலை ஒருவர் "வந்துட்டான்" என்று எழுதுவார், இன்னொருவர் "வந்திட்டான்" என்பார், மூன்றாமவர் "வந்துட்டாங்" என்றுகூட எழுதுவார். வியாசர்பாடிக் குழந்தையின் பேச்சு வேறு, நாகர்கோவில் குழந்தையின் பேச்சு வேறு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை, ஒரு சொல்லின் உருவத்தை மறுபடி மறுபடி பார்த்துத்தான் அதைப் பிடித்துக்கொள்கிறது. எட்டு வயதைத் தாண்டிய வாசகருக்கு இந்தக் கவலை வேண்டாம். அவர்களுக்கு ஒரு வட்டாரத்தின் பேச்சிலேயே முழு நாவலும் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. "நாய் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்ட மீனா" என்று தொடங்கும் வாக்கியத்தின் நடுவிலேயே ஆறு வயதுக் குழந்தைக்கு மூச்சு வாங்கும். "நாய் ஓடியது. மீனா பார்த்தாள்" என்றால் இரண்டு வெற்றி கிடைக்கும். அதற்காகச் சந்தியை விட்டுவிடாதீர்கள். "பூனைக் குட்டி" என்பதில் உள்ள "க்" என்ற ஒற்றை எடுத்துவிட்டால் படிப்பது எளிதாவதில்லை, தவறான உருவம்தான் மனத்தில் பதிகிறது. பஸ், பேனா, பென்சில் போன்றவற்றைக் குழந்தை எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதலாம்.

கதைல ஒரு நீதி இருக்கணும் இல்லையா?

இருந்தாக வேண்டும் என்பதில்லை. கதைக்குள் நடப்பதிலிருந்தே ஒரு நியாயம் குழந்தைக்குப் புலப்பட்டால் நல்லது. கடைசிப் பக்கத்தில் "ஆகவே குழந்தைகளே" என்று தொடங்கும் வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அதுவரை கதாநாயகனோடு ஓடிக்கொண்டிருந்த குழந்தையை அந்த ஒரு வரி வகுப்பறை பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறது. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் தலைமுறைகளைத் தாண்டி நிற்பதற்குக் காரணம், அவை முதலில் பாட இனிமையாக இருப்பதே. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்; ஓசையிலும் விளையாட்டிலும் அவர் வைத்த நம்பிக்கையை நாமும் வைக்கலாம்.

எத்தனை பக்கம், எத்தனை வார்த்தை எழுதணும்?

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24 அல்லது 32 பக்கங்களில் வருகின்றன. பெரிய தாளின் இரு புறமும் அச்சிட்டு மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டின் மடங்குகளில் கிடைப்பதே இதற்குக் காரணம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் ஆகியவற்றுக்கும் இதற்குள்ளேதான் இடம். சொற்களைப் பொறுத்தவரை, சின்னக் குழந்தைகளின் படப் புத்தகத்துக்கு நூறு சொல்லே போதுமானதாக இருக்கலாம். ஐந்நூறைத் தாண்டினால் ஏன் தாண்டியது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு டம்மி, அதாவது கையால் செய்த மாதிரிப் புத்தகம், செய்து பாருங்கள். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தால் 32 பக்கச் சிறு புத்தகம் கையில் இருக்கும். பக்க எண் போட்டு, கதை வரிகளைச் சிறு சீட்டுகளாக வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாகப் பென்சிலில் குச்சி மனிதர்களோடு ஒட்டுங்கள். கதவு தட்டும் சத்தம் வலப்பக்கத்திலும், வந்தவர் யார் என்பது தாளைத் திருப்பிய பிறகும் வர வேண்டும்; இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் விழுந்தால் குழந்தையின் கண் முன்கூட்டியே பார்த்துவிடும். இந்தக் குறை கணினித் திரையில் தெரியவே தெரியாது. ஆறு பக்கங்களுக்கு ஒரே அறை, ஒரே இருவர் பேச்சு என்று வந்தால், அதுவும் டம்மியில் உடனே அகப்பட்டுவிடும்.

படத்துல என்ன இருக்கணும்னு நான் எழுதித் தரணுமா?

கதைக்குத் தேவையான செய்தி வரியில் இல்லாமல் படத்தில் மட்டும் இருக்குமானால், அதை அடைப்புக்குறிக்குள் சுருக்கமாக எழுதுங்கள். மற்றதை ஓவியரிடம் விட்டுவிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். "காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து நின்றது. பச்சை, நீலம், மஞ்சள் எனப் பல நிறக் குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பூப்போட்ட பாவாடை அணிந்த செல்வி தன் குடத்தைத் தேடினாள்" என்று ஒரு பக்கம் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறமும் வரிசையும் பாவாடையும் படத்தில் வந்துவிடும். "லாரி வந்தாச்சு! செல்வியின் குடம் எங்கே?" என்ற வரி போதும். அடைப்புக்குறிக்குள், "மொட்டை மாடியில் தம்பி குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுகிறான், செல்வி கவனிக்கவில்லை" என்று எழுதுங்கள். இப்போது செல்விக்குத் தெரியாத ஒன்று வாசிக்கும் குழந்தைக்குத் தெரிகிறது, அது விரலை வைத்து "அதோ!" என்று கத்தும். எழுத்தும் படமும் ஒன்றையே இருமுறை சொல்லாமல் ஆளுக்கொரு பாதியைச் சுமக்கும்போதுதான் படப் புத்தகம் பிறக்கிறது. செல்வியின் தோல் நிறம், வீடு, கூரை ஆகியவை அந்தத் தெருவுக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஓவியரோடு பேசி வையுங்கள். நம் தெருக் குழந்தைகளை வெளுத்த முகங்களாகவே வரையும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஓவியரை நானே தேடணுமா?

பதிப்பகத்துக்கு அனுப்புவதானால் தேட வேண்டாம். பொருத்தமானவரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். நீங்களே வெளியிடுவதானால் தேட வேண்டும். 1850-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து வெளிவரும் இளைஞர்கள் பலர் இத்தகைய வேலையை விரும்பிச் செய்கிறார்கள். முதலில் இரண்டு பக்கங்களுக்கு மட்டும் மாதிரி கேளுங்கள், அதற்கும் பணம் கொடுங்கள். அட்டையில் ஓவியர் பெயர் உங்கள் பெயருக்குச் சமமான இடத்தில் வர வேண்டும்.

எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம்?

சென்னையிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸ் கையால் செய்த தாளிலும் நாட்டார், பழங்குடி ஓவிய மரபுகளிலும் நூல்களைச் செய்து உலக அளவில் பெயர் பெற்றது. 1996-இல் தொடங்கிய தூலிகா ஒரே படப் புத்தகத்தைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் குறைந்த விலையில் தமிழ்ச் சிறார் நூல்களைத் தொடர்ந்து கொண்டுவருகிறது. 1957-இல் அமைந்த நேஷனல் புக் டிரஸ்டும் தமிழில் சிறுவர் நூல்களை வெளியிடுகிறது. எங்கே அனுப்பினாலும், முதலில் அவர்களுடைய நூல்களை வாங்கியோ, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் உட்கார்ந்தோ படித்துவிட்டு அனுப்புங்கள்.

முதல் கதையையே நூலாக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. அம்புலிமாமாவும் கோகுலமும் இப்போது அச்சில் வராவிட்டாலும், தினமணியின் சிறுவர் மணி, இந்து தமிழ் திசையின் மாயாபஜார் போன்ற இணைப்புகளும், அறிவியலை எழுதுவோருக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழும் இருக்கின்றன. ஓர் இதழாசிரியர் உங்கள் கதையை வெட்டித் தருவதிலிருந்து கற்றுக்கொள்வது நிறைய.

அனுப்பின கதையை அவங்க திருடிட்டா? முதல்ல பதிவு பண்ணிடணுமா?

கதையை நீங்கள் எழுதிய அந்தக் கணமே பதிப்புரிமை உங்களுடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்குப் பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டணம் செலுத்திப் பதியலாம். வழக்கு என்று வந்தால் அது சான்றாக உதவும். பெரும்பாலானோருக்குத் தேதியோடு அனுப்பிய மின்னஞ்சலே போதும். கருவுக்கு மட்டும் உரிமை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். மழைக்கு ஏங்கும் தவளையைப் பற்றி நூறு பேர் எழுதலாம். நீங்கள் எழுதிய வாக்கியங்களே உங்களுக்குச் சொந்தம்.

பஞ்சதந்திரம், தெனாலிராமன் எல்லாம் பொதுச்சொத்துதானே? எடுத்து எழுதலாமா?

கதை பொதுச்சொத்து, அண்மையில் ஒருவர் அதைத் திரும்பச் சொன்ன விதம் பொதுச்சொத்து அன்று. பழைய மூலத்தையோ, உங்கள் ஊர்ப் பெரியவர் வாய்மொழியையோ அடிப்படையாகக் கொண்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள். வாய்மொழியாகக் கேட்டதானால் சொன்னவர் பெயரை அவர் இசைவோடு நூலில் குறிப்பிடுங்கள்.

ஓர் எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் கழிந்த பிறகே அவர் எழுத்து பொதுவுக்கு வரும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகள் மட்டும் அதற்கு முன்பே யாரும் பதிப்பிக்கக் கூடியவை. படங்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நாட்டுடைமையான கதையோடு பழைய சிறுவர் இதழில் வந்த ஓவியத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியாது. ஓவியத்துக்கு வேறோர் உரிமையாளர் இருப்பார்.

ஒரு பதிப்பகம் கதையை ஏத்துக்கிட்டு, பணம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

பணம் கேட்பவர் உங்களுக்கு அச்சிட்டுத் தரும் சேவையை விற்கிறார். அதில் தவறில்லை, ஆனால் அதற்குரிய விதத்தில் பேச வேண்டும்: எத்தனை பிரதிகள், எந்தத் தாள், யார் செம்மையாக்குகிறார், அச்சான நூல்கள் யார் வசம் இருக்கும், கோப்புகள் உங்களுக்குக் கிடைக்குமா? உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டு பணமும் கேட்டால் கையெழுத்திடாதீர்கள். ஓய்வூதியப் பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாக நூல்களை வைத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுதியவற்றில் நல்ல கதைகளும் இருந்தன என்பதுதான் வருத்தம்.

நானே அச்சடிச்சா எவ்வளவு ஆகும்?

தொகை தாள் விலையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்கிறேன். நான்கு வண்ண ஆஃப்செட் அச்சில் தாளின் ஒரு புறத்துக்கு, வண்ணத்துக்கு ஒன்றாக, நான்கு பிளேட் (அச்சுத் தகடு) வேண்டும். நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவு அதேதான். அதனால்தான் பிரதி கூடக்கூட ஒரு நூலின் அடக்க விலை குறைகிறது. நூறு பிரதிகள் போதுமென்றால் டிஜிட்டல் அச்சுக்குப் போங்கள். விலை கூடுதலானாலும் பரண் நிறையாது.

அச்சகத்துக்குப் போகும் முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். படங்கள் உண்மை அளவில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும்; பக்க ஓரம் வரை வரும் ஓவியம் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். எழுத்துகளைக் கறுப்பு ஒரே வண்ணத்தில் வையுங்கள். பின்னாளில் தெலுங்கிலோ இந்தியிலோ அதே நூல் வந்தால், கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும்.

தமிழுக்கே உரிய பிழைகள் தனி. பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். குறுகிய பத்தியில் சொல் உடைந்து, அடுத்த வரி "ம்" என்றோ "க்" என்றோ தொடங்கும். பெரியவர்கள் இதைத் தாண்டிப் படித்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டும் குழந்தை அங்கேயே நின்றுவிடும். குழந்தை நூலில் எந்தச் சொல்லையும் வரிக்கடைசியில் உடைக்காதீர்கள். ப்ரூஃபை, அதாவது பிழை பார்க்கும் படியை, திரையில் பார்க்காமல், தாளில் எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள்.

ஐ.எஸ்.பி.என். எங்கே வாங்குறது?

நூலுக்குரிய இந்தப் பன்னாட்டு அடையாள எண்ணுக்குத் தில்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையவழி விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் கட்டணம் கிடையாது. தனிநபரும் பெறலாம். காசு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை.

நூல் வெளியான 30 நாட்களுக்குள் அரசு குறிப்பிட்டுள்ள நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவற்றுள் ஒன்று 1896-இல் திறக்கப்பட்ட நம் எழும்பூர் கன்னிமாரா நூலகம். மற்றவை கொல்கத்தா, மும்பை, தில்லியில் உள்ளன. சின்ன நூல்தானே என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்ச் சிறுவர் நூல்கள் படித்துக் கிழிந்து மறைந்துபோகின்றன. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் தேடினால் கிடைக்க வேண்டும்.

ஒரு புத்தகம் வித்தா எனக்கு என்ன கிடைக்கும்?

அட்டை விலையில் 10 விழுக்காடு என்பது தமிழில் பரவலான வழக்கம்; படப் புத்தகமானால் அதை ஓவியரோடு பகிர வேண்டியிருக்கும். நூறு ரூபாய் நூலில் கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் முப்பது, நாற்பது ரூபாய் கழிவாகப் போய்விடும். அச்சு, கிடங்கு, செம்மையாக்கம் எல்லாம் மீதியில்தான். இதை வைத்து வாடகை கட்ட முடியாது. ஆனாலும், விற்பனைக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை; ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். ஓவியருக்கும் தனி ஒப்பந்தம் வேண்டும்: மூல ஓவியம் யாருக்கு, மறுபதிப்பில் பங்கு உண்டா, பொம்மையாகவோ அசைபடமாகவோ வந்தால் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவை வெச்சுப் படம் போட்டுட்டா செலவு மிச்சம்தானே?

என்னிடம் வரும் அத்தகைய பிரதிகளில், மூன்றாம் பக்கத்துச் சிறுமி ஏழாம் பக்கத்தில் வேறு முகத்தோடு வருகிறாள். தண்ணீர் லாரிக்கு அருகே நம் பிளாஸ்டிக் குடம் இல்லாமல் ஏதோ அயல்நாட்டு ஜாடி இருக்கிறது. குழந்தைகள் படத்தை நம்மைவிடக் கூர்ந்து பார்ப்பவர்கள், உடனே கேட்பார்கள். அப்படங்களின் உரிமை யாருக்கு என்பதும் இன்னும் தீராத கேள்வி. செல்வி கதையில் சொன்ன அந்த இரண்டாம் பாதியைச் சுமக்க ஒரு மனிதர் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். பதிப்பகத்துக்கு அனுப்புவதானால் மறைக்காமல் தெரிவித்துவிடுங்கள்.

புத்தகம் தீர்ந்துபோச்சு, மறுபதிப்பும் வரல. வேற இடத்துல கொடுக்கலாமா?

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். உரிமை மாற்றம் எழுத்திலும் கையெழுத்தோடும் இருந்தால்தான் செல்லும்; வாய்ப்பேச்சில் முழு உரிமையும் போய்விடாது. காலம் குறிப்பிடப்படாமல் இருந்தால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாமல் இருந்தால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே பொருள் கொள்ளும்.

பதிப்பகம் எழுதி வாங்கிய ஓர் உரிமையை, அது ஒலிநூலோ மொழிபெயர்ப்போ எதுவானாலும், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை அந்த உரிமை உங்களிடமே திரும்பிவிடும். "ஒப்பந்தத்தில் வேறு விதமாக" என்பதே இங்கு முக்கியம், ஏனென்றால் அச்சிட்ட படிவங்கள் பலவற்றில் அந்த வரி இருக்கும். காலமோ உரிமையோ முடிந்திருந்தால், பதிப்பகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, உரிமை திரும்பியதை எழுத்தில் உறுதி செய்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓவியத்தின் உரிமை தனி என்பதால், புதிய பதிப்பகத்திடம் போகும் முன் ஓவியரின் சம்மதத்தையும் அதே நாளில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.